பெண் ஃபைட்டர் மீன் சாதுவா? மற்ற மீன்களோடு ஒரே தொட்டியில் விடலாமா?

"பொண்ணு மீன்தான் ப்ரோ, ஒண்ணும் பண்ணாது. மூணா எடுத்துக்கோங்க, தொட்டி நல்லா கலரா இருக்கும்."

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ரூமுக்கு வாங்கிய இரண்டடி தொட்டிக்கு மீன் எடுக்கப் போனபோது கடைக்காரர் சொன்னது இது. நானும் ரூம்மேட்டும் நம்பினோம். மூன்று பெண் ஃபைட்டர், ஆறு ஆண் கப்பி. ஆக்சிஜன் அடைத்த பைகளைப் பிரித்து மீன்களை விட்டோம். ஸ்டேட்டஸும் போட்டாச்சு.

நான்காவது நாள் கப்பிகளின் வாலில் பாதியைக் காணோம். ஒன்பதாவது நாள் ஒரு ஃபைட்டர், ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் இடுக்கில் போய் ஒட்டிக்கொண்டது. சாப்பாடு போட்டாலும் வெளியே வரவில்லை. மறுநாள் காலை அது செத்து மிதந்தது. துடுப்புகள் சீப்பு மாதிரி கிழிந்திருந்தன.

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். வாங்குவதற்கு முன் படித்திருக்க வேண்டும். நீங்களாவது அப்படிச் செய்யுங்கள் என்றுதான் இந்தக் கட்டுரை.

சாதுன்னு யார் சொன்னது?

நம் ஊரில் 'ஃபைட்டர்' என்று சொல்லும் மீனின் அறிவியல் பெயர் பெட்டா ஸ்பிளெண்டன்ஸ். 1910-ல் இந்தப் பெயரை வைத்தவர் சார்லஸ் டேட் ரீகன் என்ற மீனியல் அறிஞர். சொந்த ஊர் தாய்லாந்து. அங்கே இதை 'ப்லா கட்' என்பார்கள். 'கடிக்கிற மீன்' என்று அர்த்தம். 2019-ல் தாய்லாந்து அரசு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது.

நம்மூர் சேவல் சண்டை மாதிரி, அங்கே இந்த மீன்களை மோதவிட்டுப் பந்தயம் கட்டுவது பழைய வழக்கம். 2022-ல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, மனிதர்கள் இந்த மீனை வளர்க்கத் தொடங்கிக் குறைந்தது 400 ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று சொன்னது. சண்டையில் ஜெயிக்கிற மீனைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து குஞ்சு எடுத்து, அதிலும் சிறந்ததைத் தேர்ந்தெடுத்து... இப்படியே பல தலைமுறை. நீளமான துடுப்பு, விதவிதமான நிறம் எல்லாம் பின்னால் வந்த அலங்காரம்.

அந்த அப்பாவுக்குப் பிறந்த மகனுக்கு மட்டும் ரோஷம் வரும், மகளுக்கு வராதா? பெண் ஃபைட்டரும் செவுளை விரித்து முறைக்கும், துரத்தும், கடிக்கும். ஆணை விடப் பொதுவாகக் கொஞ்சம் பொறுமை அதிகம், அவ்வளவுதான். 'பெண் என்றால் அடங்கி இருக்கும்' என்பது நம் தலையில் இருக்கும் கற்பனை. அதை மீன் மேல் ஏற்றிவிட்டோம்.

இன்னொன்று, இவை பிறந்து வளர்ந்த இடம். வயல், சதுப்பு, ஓடை என ஆழம் குறைந்த, செடி கொடி மண்டிய நீர்நிலைகளில் வாழும் மீன் இது. அங்கே ஒரு பெண் மீனை இன்னொன்று துரத்தினால், அது நாலடி தள்ளிப் புல்லுக்குள் போய்விடும். விஷயம் முடிந்தது. இரண்டடி கண்ணாடித் தொட்டியில் அந்த நாலடி கிடையாது. துரத்துவதும் துரத்தப்படுவதும் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும்.

'கடையில ஒண்ணாத்தானே இருக்கு?'

நியாயமான கேள்வி. கொளத்தூர் பக்கம் போனால், ஆண் ஃபைட்டர்கள் தனித்தனி டப்பாவிலும், பெண் ஃபைட்டர்கள் ஒரே தொட்டியில் இருபது முப்பதாகவும் இருப்பதைப் பார்க்கலாம். அதைப் பார்த்துவிட்டு, 'அப்போ நம்ம வீட்லயும் இருக்கும்ல' என்று தோன்றுவது இயல்பு.

பண்ணையில் ஒரே ஜோடிக்குப் பிறந்த குஞ்சுகள் ஒன்றாகத்தான் வளரும். சில மாதங்களில் ஆண்கள் முட்டிக்கொள்ள ஆரம்பித்ததும் அவற்றைத் தனியாக எடுத்துவிடுவார்கள். பெண்கள் சேர்ந்தே இருக்கும். சின்ன வயதிலிருந்து ஒன்றாக வளர்ந்தவை என்பதால் ஓரளவு பழகியிருக்கும். கடைத் தொட்டியில் வேறொரு விஷயம் நடக்கிறது. அங்கே நெரிசல். யார் யாரைத் துரத்துவது என்றே தெரியாத கூட்டத்தில் கடி எல்லோருக்கும் பிரிந்து போகும். மாநகரப் பேருந்து காலை ஒன்பது மணிக்கு எப்படியோ, அப்படி. யாருக்கும் தனக்கென்று ஓர் இடம் பிடிக்க முடியாது. அதுவும் சில நாள்தான், அதற்குள் விற்றுவிடும்.

அதிலிருந்து மூன்றை மட்டும் எடுத்து, விசாலமான தொட்டியில் விட்டால்? இப்போது இடம் பிடிக்கலாம். ஒன்று முதலாளி ஆகும். இரண்டாவது தாக்குப்பிடிக்கும். மூன்றாவது ஃபில்டருக்குப் பின்னால் ஒதுங்கும். எங்கள் வீட்டில் நடந்தது அச்சு அசல் இதுதான்.

முதலில், அது பெண்தானா?

எங்கள் கதையில் இன்னொரு ட்விஸ்ட் இருக்கிறது. மிச்சமிருந்த இரண்டில் ஒன்று, தொட்டியின் ஓரத்தில் எச்சில் நுரை மாதிரி குமிழிக் கூடு கட்டத் தொடங்கியது. பெண் மீன்களும் எப்போதாவது குமிழி விடும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஆனால் கண்ணாடியைக் காட்டியதும் செவுளுக்கு அடியிலிருந்து கறுப்பாகத் தாடி மாதிரி ஒரு சவ்வு நீட்டிக்கொண்டு வந்தது. ஆண்!

குட்டைத் துடுப்பு உள்ள ஆண் வகை ஒன்று இருக்கிறது. 'பிளகாட்' என்று விற்பார்கள், அதே 'ப்லா கட்'தான். இதன் இளம் ஆண்களும் பெண் மீன்களும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்று. கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியாமல் போயிருக்கலாம்.

வாங்கும்போது மீனை அடியிலிருந்து பாருங்கள். வயிற்றுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மெல்லிய துடுப்புகளுக்குப் பின்னால், உப்புக்கல் சைஸில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தால் பெண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். முட்டை வெளிவரும் குழாயின் நுனி அது. ஆனால் சில இளம் ஆண்களுக்கும் அதே மாதிரி புள்ளி தெரியும் என்பதால், போன் கேமராவின் செல்ஃபி ஸ்க்ரீனையே கண்ணாடியாக்கித் தொட்டிமேல் வையுங்கள். முறைக்கும்போது தாடி பெரிதாக வந்தால் ஆண். வராமலோ, லேசாக எட்டிப்பார்த்தாலோ பெண். உடல்வாகையும் கவனியுங்கள்: பெண் கொஞ்சம் குண்டு, ஆண் நீளவாக்கு.

அந்தக் கண்ணாடி டெஸ்ட் இன்னொன்றுக்கும் உதவும். கண்ணாடியைப் பார்த்ததும் மோதப் பாய்கிற பெண்ணும் உண்டு, பார்த்துவிட்டு 'சரி போ' என்று திரும்பிக்கொள்கிற பெண்ணும் உண்டு. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது ஆள்.

ஒன்றா, ஐந்தா?

பெண் ஃபைட்டர்களை மட்டும் கூட்டமாக வளர்ப்பதற்கு மீன் வளர்ப்பவர்கள் மத்தியில் 'சொராரிட்டி' என்று பெயர். ரீல்ஸில் பார்க்க அள்ளும். இதைப் பரிந்துரைப்பவர்கள் சொல்வது: குறைந்தது ஐந்தாறு பெண்கள், 75 லிட்டருக்கு மேல் தண்ணீர், ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியாத அளவுக்குச் செடி, ஒரே நாளில் எல்லாவற்றையும் விடுவது, முடிந்தால் உடன்பிறந்தவை. ஐந்துக்குக் குறைந்தால் கடி ஒருத்தி மேலேயே விழும் என்பது கணக்கு.

கணக்கு தப்பில்லை. ஆனால் இந்தக் கூட்டங்கள் பல மாதம் அமைதியாக இருந்துவிட்டுத் திடீரென்று ஒருநாள் உடைவதுண்டு. ஒரு மீன் நோயில் படுத்தாலோ, நீங்கள் செடியை இடம் மாற்றினாலோ, வரிசை கலைந்து புதிதாகச் சண்டை தொடங்கும். வெளியில் காயம் தெரியாவிட்டாலும், எப்போதும் பயத்தில் இருக்கும் மீனுக்கு நோய் எதிர்ப்பு குறையும். காலை ஆபீஸுக்குப் போய் இரவு ஒன்பதுக்கு வருகிற ஆளுக்கு இது சரிப்பட்டு வராது. எடுத்துப் பிரிக்க வீட்டில் ஐந்து தனித் தொட்டி இருந்தால் முயற்சி செய்யுங்கள், இல்லையென்றால் வேண்டாம் என்பது என் கருத்து.

ஒரே ஒரு பெண் ஃபைட்டர், கூடவே அவளுக்குப் போட்டியாகத் தெரியாத வேறு மீன்கள். இதுதான் பெரும்பாலான வீடுகளுக்குச் சரியாக வரும். ஆண் ஃபைட்டரை விட இதற்குப் பெண்தான் பொருத்தம் என்பதும் உண்மை. நீண்ட துடுப்பு இல்லாததால் வேகமாக நீந்துவாள், மற்ற மீன்கள் கடித்து இழுக்க வாலும் இல்லை.

யாரோடு விடலாம்?

ஃபைட்டர் கண்ணுக்கு எது எதிரியாகத் தெரியும்? பளிச்சென்ற நிறம், விசிறி மாதிரி வால், தன்னைப் போன்ற உடல்வாகு. ஆண் கப்பி முதல் இரண்டிலும் மாட்டும். எங்கள் கப்பிகளின் வால் போனது அதனால்தான். கௌராமி மூன்றாவதில் மாட்டும், ஃபைட்டருக்கு அது சொந்தக்காரன், ஒரே குடும்பம். சொந்தக்காரச் சண்டை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. டைகர் பார்ப், செர்பே டெட்ரா போன்றவை மற்ற மீன்களின் துடுப்பைக் கடிப்பதில் பேர்போனவை. இவற்றோடு விட்டால் அடி வாங்குவது ஃபைட்டர்தான். ஏஞ்சல் மீனும் வேண்டாம். கோல்டு ஃபிஷ்ஷுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், ஃபைட்டருக்கு வெதுவெதுப்பு வேண்டும். போதாக்குறைக்கு அது தொட்டியைக் கண்டபடி அசுத்தம் செய்யும்.

ஒத்துப்போகிறவை: ஹார்லெக்வின் ரஸ்போரா, எம்பர் டெட்ரா போன்ற சின்ன, கூட்டமாகத் திரியும் மீன்கள். இவற்றை எட்டு பத்தாக வாங்குங்கள். இரண்டு மூன்றாக வாங்கினால் பயந்து மூலையில் நிற்கும். தரையில் மேய்வதற்கு கோரிடோரஸ் அல்லது கூலி லோச் நல்ல துணை. ஃபைட்டர் மேல்தட்டு, இவை கீழ்த்தட்டு, சந்திப்பே குறைவு. ஆனால் இவற்றுக்குக் கூர்மையான கல் ஆகாது, நைஸ் மணல் வேண்டும். நெரைட் நத்தை விடலாம். செர்ரி இறால் விடுவதாக இருந்தால், அது சில சமயம் அவளுக்கு டிபன் ஆகும் என்று தெரிந்தே விடுங்கள்.

'பாசியைத் தின்னும், ஒண்ணு போடுங்க' என்று கடையில் சக்கர் மீனைக் கையில் திணிப்பார்கள். விரல் நீளத்தில் வரும் அது ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் பலர் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். அப்படி விடப்பட்ட சக்கர் மீன்கள் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, வலை போடுகிற மீனவர்களுக்குத் தலைவலியாகியிருக்கின்றன. தொட்டியில் ஒத்துப்போகாத மீன் எதுவானாலும் கடையிலோ, மீன் வளர்க்கும் நண்பரிடமோ கொடுங்கள். ஏரி வேண்டாம்.

தொட்டியும் தண்ணீரும்

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்பது நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் சைஸ். கணக்குப்படி 56 லிட்டர். மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 45 லிட்டர்தான் தேறும். ஒரு பெண் ஃபைட்டரும் எட்டு ரஸ்போராவும் அதில் தாராளமாக இருக்கலாம். அதற்கு மேல் ஆசைப்பட்டால் தொட்டியைத்தான் பெரிதாக்க வேண்டும்.

பெரும்பாலானோர் சறுக்கும் இடம் இனிமேல்தான். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். இது ஓரளவு சேர்ந்தாலும் ஆபத்தில்லை, வாராவாரம் கால்வாசித் தண்ணீரை மாற்றினால் குறைந்துவிடும். இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். வாங்கிய அன்றே தண்ணீர் ஊற்றி அன்றே மீன் விட்டால், கழிவறை இல்லாத வீட்டில் குடி வைத்த மாதிரிதான். எங்கள் மீன்களின் கோபத்தில் பாதி இந்தத் தண்ணீரால் வந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

குறுக்கு வழி ஒன்று உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நண்பரின் தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒன்றை வாங்கி உங்கள் தொட்டியில் போடுங்கள், பாக்டீரியா கூடவே வந்துவிடும். அந்த ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவிவிடாதீர்கள். மாற்றுவதற்காக எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசினால் போதும்.

மெட்ரோ வாட்டர் என்றால் ஆன்டி-குளோரின் சொட்டு மருந்து கட்டாயம். பக்கெட்டில் ஒருநாள் பிடித்து வைத்தால் குளோரின் போகும், குளோரமைன் போகாது. 'ஆர்.ஓ. தண்ணி சுத்தம்தானே' என்று அதை மட்டுமே ஊற்றுவதும் தப்பு. தாது உப்புகள் இல்லாத தண்ணீரில் அமில காரச் சமநிலை சட்டென்று ஆடும். போர் தண்ணீர் ரொம்பக் கடினமாக இருந்தால் அதோடு ஆர்.ஓ. கலந்துகொள்ளலாம்.

வெப்பநிலை 24 முதல் 28 டிகிரி செல்சியஸ். சென்னை, மதுரை, திருச்சியில் ஆண்டின் பெரும்பகுதிக்கு ஹீட்டரே தேவைப்படாது. ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் வாங்கியே ஆக வேண்டும். நமக்குப் பிரச்சினை மே மாதம்தான். தண்ணீர் மேல் சின்ன ஃபேன் ஒன்றைக் காட்டினால் இரண்டு டிகிரி வரை குறையும்.

ஃபைட்டருக்கு 'லேபிரிந்த்' என்றொரு உறுப்பு இருக்கிறது. மேலே வந்து காற்றையே நேரடியாகச் சுவாசிக்கும். அதனால் கரண்ட் போனாலும் அது சமாளிக்கும், கூட இருக்கிற ரஸ்போராக்களால் முடியாது. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டிக்கு மூடி அவசியம், இந்த மீன் துள்ளும். ஆனால் மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும், மூச்சு விட வேண்டுமே. தண்ணீரைச் சுழற்றியடிக்கும் பவர் ஃபில்டரை விட, மெதுவாகக் குமிழி விடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் இதற்குத் தோது.

ஒளிந்துகொள்ள இடம் நிறைய வேண்டும். ஜாவா மாஸ், ஹார்ன்வொர்ட் மாதிரி சாகாத செடிகள் போதும். இன்னொன்று இலவசமாகவே கிடைக்கும். தெருவோர நாட்டு வாதுமை மரம், நாம் பாதாம் மரம் என்று சொல்வோமே, அதன் தானாக உதிர்ந்த காய்ந்த இலை. மருந்து அடிக்காத மரமாகப் பார்த்து எடுத்து, கழுவி, ஒன்றிரண்டைப் போடுங்கள். தண்ணீர் டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு மாறும், லேசாக அமிலத்தன்மை வரும், மீனுக்குப் படுத்துக்கொள்ள மெத்தையும் ஆகும். இதே இலையைப் பாக்கெட் போட்டு ஆன்லைனில் விற்கிறார்கள் என்பதைப் பார்த்தபோது கொஞ்சம் நேரம் சிரித்தேன்.

விட்ட பிறகு

மற்ற மீன்களை முதலில் விடுங்கள், ஃபைட்டரைக் கடைசியில். முதலில் வந்தால் மொத்தத் தொட்டியையும் தன் பட்டா நிலம் என்று நினைத்துக்கொள்வாள். கடையிலிருந்து வந்ததும் இரண்டு வாரமாவது தனி டப்பாவில் வைத்து, நோய் இல்லை என்று பார்த்துக்கொள்வது நல்லது. விடும் அன்று லைட்டை அணைத்துவிடுங்கள். முடிந்தால் வெள்ளிக்கிழமை இரவு விடுங்கள், இரண்டு நாள் கூடவே இருக்கலாம்.

முதல் நாள் கொஞ்சம் முறைப்பதும் ஒரு துரத்து துரத்திவிட்டு விடுவதும் சகஜம். விடாமல் ஒரே மீனைத் துரத்துவது, துடுப்பில் கிழிசல், சாப்பாட்டுக்கு வராமல் மூலையில் நிற்பது, இவை தெரிந்தால் உடனே பிரியுங்கள். 'பழகிடும்' என்று காத்திருந்துதான் நாங்கள் ஒரு மீனை இழந்தோம். அவள் உடம்பையும் படிக்கலாம். நிறம் வெளுத்துத் தலையிலிருந்து வால்வரை படுக்கைக் கோடுகள் வந்தால் பயம், அழுத்தம். மேலிருந்து கீழாக நிற்கும் கோடுகள் என்றால் முட்டைக்குத் தயார் என்று அர்த்தம், பதற வேண்டாம். வயிறு பெரிதானாலும் பெரும்பாலும் முட்டைதான், ஆண் இல்லாவிட்டால் காலப்போக்கில் அடங்கிவிடும். செதில்கள் அன்னாசிப் பழம் மாதிரி சிலிர்த்து நின்றால் மட்டும் அது நோய்.

சாப்பாட்டு நேரத்தில் உஷார். பூச்சி, புழு தின்கிற மீன் என்பதால் பசி அடங்காதது போலவே நடிப்பாள். தன் பங்கையும் தின்று ரஸ்போராக்களின் பங்கையும் தின்றுவிட்டு உப்பிக் கிடப்பாள். ஒரு முனையில் அவளுக்கு மூன்று நான்கு பெல்லட் போட்டு, அவள் அதில் மும்முரமாக இருக்கும்போதே மறுமுனையில் மற்றவர்களுக்குப் போடுங்கள். வாரத்தில் ஒருநாள் எல்லோருக்கும் விரதம்.

இத்தனைக்குப் பிறகும் சில பெண் மீன்கள் யாரோடும் சேராது. அது உங்கள் தப்போ அதன் தப்போ இல்லை. அதற்காகத்தான் 15, 20 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் டப் ஒன்றும் ஒரு ஸ்பேர் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் மீன் வாங்கும் முன்பே வீட்டில் இருக்க வேண்டும் என்கிறேன். அந்த ஃபில்டரைப் பெரிய தொட்டியிலேயே ஓடவிட்டு வைத்தால், தேவைப்படும் அன்று பாக்டீரியாவோடு தயாராக இருக்கும்.

எங்களிடம் மிஞ்சிய அந்த 'பெண்' பிளகாட், அப்படி ஒரு டப்பில் இப்போது தனிக்காட்டு ராஜா. வால் போன கப்பிகள் தேறிவிட்டன, கிழிந்த துடுப்பு மெல்ல வளர்ந்தது. ஒரு நண்பர் வீட்டுத் தொட்டிக்கு இடம் மாறியிருக்கின்றன. பெரிய தொட்டியில் நிஜமான பெண் ஒருத்தியும் எட்டு ரஸ்போராவும் ஏழு மாதமாக இருக்கிறார்கள். காலையில் லைட் போட்டதும் அவள்தான் முதலில் கண்ணாடிக்கு வருவாள். பசியாம்.